காபி விலையும் ரேஷன் அரிசியும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம். அப்பா காலத்தில் விளைந்ததை அரசின் காபி போர்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். சந்தை திறந்த பிறகு வியாபாரி வாசலுக்கே வந்து கையில் காசு கொடுத்தார். ஆனால் 2001-இல் விலை விழுந்தபோது பழம் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. சந்தையைத் திறந்தது சரியா, தவறா? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற ஓட்டு காபி விலையை ஏற்றிவிடுமா?

சு., ஏற்காடு

அன்புள்ள சு.,

ஏற்றாது. ஆனால் விலை விழுந்த வருஷத்திலும் உலை கொதிக்குமா என்பது ஓட்டைப் பொறுத்தது.

சந்தையைத் திறந்தது சரி என்பதே என் கருத்து. 1942 காபிச் சட்டப்படி எல்லாவற்றையும் போர்டின் பூலில், அதாவது பொதுத் தொகுப்பில், போட்டுவிட்டு, பணம் எப்போது வரும் என்று காத்திருந்த காலம் யாருக்கும் வேண்டாம். 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை ஏறியபோது நம் மலைக்கும் பலன் கிடைத்தது. அப்புறம் வியட்நாம் காபி வந்து குவிந்தது. எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று நாடுகள் பேசி வைத்திருந்த ஒதுக்கீடு 1989-லேயே முறிந்துவிட்டதால் விலையைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. அதே காபியால் வியட்நாமில் எத்தனையோ மலைக் குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன. அவர்கள் மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். 1876-78. சேலம் ஜில்லா மோசமாக அடிபட்டது. அப்போதும் சந்தை திறந்தேதான் இருந்தது, ரயிலும் ஓடியது. தானியம் காசு இருந்த இடத்துக்குப் போனது. தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் உறுதியாக நின்றார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும் மேலே கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். நாள் முழுக்க வேலை செய்கிற ஆளுக்கு அரைக் கிலோகூட இல்லை! லிட்டனை இறக்க சேலத்தில் ஒருவருக்கும் ஓட்டு கிடையாது.

1997-இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு, மற்றவர்களுக்கு என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. விட்டிருந்தால் ஆளுங்கட்சி அடுத்த தேர்தலில் தலைகாட்டியிருக்க முடியாது. 2001-இல் உங்கள் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்குக் கூலி குறைந்திருக்கும்; ரேஷன் கடை மூடவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2003-இல் மத்திய அரசு நான்கு ஹெக்டேர் வரை உள்ள காபி, தேயிலை, ரப்பர், புகையிலை விவசாயிகளுக்கு விலை நிலைப்படுத்தும் நிதி ஒன்றைத் தொடங்கியது. அதனால் பெரிதாகப் பயன் பெற்றவர்கள் இல்லை. அரிசிக்காக மாநிலமே கேட்டது. மலையில் இருக்கிற சில ஆயிரம் பேர் காபிக்காகக் கேட்டால் டெல்லிவரை எட்டுவதில்லை.

உங்கள் மலையடிவாரத்தில் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-இல் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவைத் தொடங்கினார்கள். தனித்தனியாக வியாபாரியிடம் போய் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற நீங்களும் அப்படிச் சேருங்கள். ஏற்காடு தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், விலை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லோருமாகப் போய்க் கேளுங்கள்.

அன்புடன்