கணக்கு படிக்கிறேன் என்று மகள் சொன்னால்

வணக்கம் ஐயா.

மகள் கணக்கு படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லி, போன வாரம் போனில் கேட்டீர்களே, "ஜியாமெட்ரி படிச்சா என்ன சார் வேலை? நான் பட்டறைக்காரன், எனக்குத் தெரிஞ்ச ஜியாமெட்ரி எல்லாம் லேத்துல இருக்கு" என்று. பட்டறை என்றதும் எனக்கு எலீ கார்த்தான் ஞாபகம் வந்துவிட்டார். பிரான்ஸ் பெற்ற மிகப் பெரிய வடிவியல் மேதைகளில் ஒருவர். கொல்லர் மகன்.

1869இல் தொலொமியூ என்ற கிராமத்தில் பிறந்தார். விடியும்போதே தொடங்கிவிடும் சம்மட்டிச் சத்தத்தில்தான் வளர்ந்தேன் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். அம்மா வீட்டு வேலை ஓய்ந்த கொஞ்ச நேரத்திலும் ராட்டை முன் உட்கார்ந்துவிடுவார். ஊர்ப் பள்ளியோடு படிப்பு நின்றிருக்க வேண்டிய வீடு. பள்ளியைப் பார்வையிட வந்த அந்தோனன் துபோ என்ற அதிகாரி பையனைக் கவனித்து, உதவித்தொகைத் தேர்வுக்கு உட்கார வைத்தார். பத்து வயதில் வீட்டை விட்டுப் போனவர், 1888இல் பாரிஸின் எக்கோல் நார்மால் சுப்பீரியர் என்ற பேர்பெற்ற உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருக்குச் சோறு போட்டது ஆசிரியர் வேலை. 1894இல் டாக்டர் பட்டம், அப்புறம் மோன்பெலியே, லியோன், நான்சி என்று ஊர் ஊராக விரிவுரை. நான்சியில் எலெக்ட்ரிக்கல் படிக்கிற பொறியியல் மாணவர்களுக்கும் கணக்கு எடுத்தார். பாரிஸ் போய்ச் சேரும்போது நாற்பது வயது. பிரெஞ்சு அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக்கியது 1931இல், அறுபது தாண்டிய பிறகு. எழுதியது பலருக்குப் புரியாததும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். ஆனால் ஒன்று, பட்டம் வாங்கியதிலிருந்து வேலை இல்லாமல் அவர் இருந்ததில்லை.

அப்படி என்னதான் செய்தார் என்கிறீர்களா? ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் பார்த்திருப்பீர்கள், டூலைச் சாய்த்துச் சாய்த்து வளைந்த உலோகப் பரப்பைச் செதுக்குமே, அதுதான். வளைந்த பரப்பின் மேல் டூல் நகரும்போது புள்ளிக்குப் புள்ளி அதன் சாய்வு மாறும் இல்லையா? அந்தச் சாய்வு எப்படி மாறுகிறது என்று கணக்கு வைத்தாலே பரப்பு எங்கே எவ்வளவு வளைகிறது என்று சொல்லிவிடலாம். வெளியே ஒரு நிலையான அச்சை நட்டு அளப்பதை விட்டுவிட்டு, கூடவே நகரும் அச்சை வைத்து அளக்கும் முறையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியவர் கார்த்தான். மகளிடம் 'நகரும் சட்டகம்' என்று சொல்லிப் பாருங்கள், தெரிந்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934இல் பட்டம் பெற்ற சார்லஸ் ரசீன் என்ற இயேசு சபைப் பாதிரியார், திருச்சி வந்து, பிறகு சென்னை லயோலா கல்லூரியில் பல ஆண்டுகள் கணிதம் நடத்தினார். பாடத்திட்டத்தில் இல்லாத புதுக் கணிதத்தைப் பையன்களுக்குக் காட்டி, ஆராய்ச்சிக்குப் போங்கள் என்று பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். அப்படிப் போனவர்கள்தான் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். 1965இல் வந்த அவர்களுடைய தேற்றம் இன்றும் உலகம் முழுக்க இருவர் பெயராலேயே வழங்குகிறது. சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவர் இதே சேஷாத்ரி. உங்கள் மகள் கேட்கிற இடமும் அதுதானே?

அங்கே பிளஸ் டூ கட்-ஆஃப் செல்லாது. தனி நுழைவுத்தேர்வு, விடையை மட்டும் டிக் அடித்துவிட்டு வர முடியாது, ஏன் அப்படி என்று நிரூபித்து எழுத வேண்டும். பெங்களூரு இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத் என்ற கணித இளங்கலைப் படிப்புக்கும் அப்படித்தான். அங்கே மதிப்பெண் நிபந்தனையோடு மாத உதவித்தொகையும் உண்டு. இரண்டும் கிடைக்காவிட்டால் ஏதோ ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு போதும் என்று நான் சொல்லமாட்டேன். யார் பாடம் எடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சேர வேண்டும். லயோலாவைப் பெரிதாக்கியது கட்டடம் இல்லை.

காலக்கணக்கையும் மறைக்க மாட்டேன். டிகிரி, முதுகலை, பி.எச்டி. எல்லாம் முடிந்து நிலையான பேராசிரியர் வேலை என்றால் முப்பது வயது தாண்டிவிடும். பி.எச்டி. வருடங்களில் ஃபெல்லோஷிப் வரும், வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்காது. நடுவில் மனம் மாறினால் சாஃப்ட்வேருக்கும் நிதி நிறுவனங்களுக்கும் போக வழி இருக்கிறது. சென்னை கணிதவியல் கழகப் படிப்பிலேயே கணினி அறிவியலும் சேர்ந்து வருகிறது. கல்யாணப் பேச்சு எடுக்கிற சொந்தக்காரர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கும் பதிவு செய்துவைத்துவிடுங்கள், தப்பில்லை. சனிக்கிழமை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். மார்க் ஷீட் வேண்டாம், அவள் கணக்குப் போட்டுப் பார்க்கிற ரஃப் நோட்டு ஒன்று இருக்குமே, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.