டெஸ்க்டாப்பில் இருந்து விநோதமான சத்தம் வருகிறது. எந்தப் பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புது சிஸ்டம்தான் வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள் தம்பி. எந்தப் பாகம் கத்துகிறது என்று தெரிகிறவரைக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மண்டபம் ஊர்ப் பக்கம் வீடு, கடைக்காரர் மொத்தமாக மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

பாம்பனில் தென்கடல் பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். கல்லூரி விண்ணப்பம் போடுகிற சமயத்தில் கடை நிறையப் பிள்ளைகள் நிற்பார்கள். அப்போது பார்த்துக் காலையில் சிஸ்டத்தைப் போட்டதும் கர்ர்ர் என்று அரைக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அது போக, ஸ்கேன் செய்த பக்கங்களை வேகமாக உருட்டினால் மெல்லிசாக ஒரு கீச்சொலி. ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கவாட்டு மூடியைக்கூடக் கழற்றவில்லை. "கடக்காத்துல கெடந்த மிஷினுக்கா, இனி தாங்காது. புதுசு எடுத்துருங்க" என்று விலைப்பட்டியலை நீட்டினார். அந்த மிஷின் அன்றைக்கும் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. திருப்பித் தூக்கி வந்துவிட்டேன்.

வீட்டில் நிதானமாகப் பார்த்தேன். மூடியைக் கழற்றி, செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோனாலே பாதி தெரிந்துவிடும். பின்பக்கத்து கேபினெட் ஃபேனிடம் போனதும் அரைக்கிற சத்தம் காதில் அறைந்தது. கரண்டை அணைத்து அந்த ஃபேனின் வயரை மட்டும் உருவிவிட்டு மறுபடி போட்டேன், சத்தம் இல்லை. பின்பக்க ஃபேன் சில நிமிஷம் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகாது. பிராசஸர் மேல் இருக்கிற ஃபேனை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள்.

காலையில் மட்டும் அரைத்ததற்குக் காரணம் இருக்கிறது. விலை குறைந்த ஃபேன்களில், அச்சு வெறும் குழாய்க்குள் எண்ணெயில் சுற்றுகிற ஸ்லீவ் பேரிங்தான் இருக்கும். அதில் எண்ணெய் வற்றிப்போனால் குளிர்ந்திருக்கும்போது உரசும், சூடேறியதும் சத்தம் குறையும். சின்னச் சின்ன குண்டுகள் மேல் சுற்றுகிற பால் பேரிங் கெட்டால் அப்படி இல்லை, நாள் முழுக்க உறுமும். நம் ஊரில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் அது அன்றாடம் நடப்பது. அதனால் இறக்கையில் படிகிற தூசி மதுரைத் தூசி மாதிரி ப்ளோயருக்குப் பறக்காது, பசையாக ஒட்டிக்கொள்ளும். ஓர் இறக்கையில் கூடுதலாக ஒட்டினாலும் ஃபேன் சமநிலை தவறி ஆட ஆரம்பிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த ஆட்டம் தருகிற விசை நான்கு மடங்கு.

ஃபேனைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் ஒவ்வோர் இறக்கையாகத் தேய்த்தேன். நடுவில் இருக்கிற ஸ்டிக்கரை உரித்து இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது. எண்ணெய் விடுவது தற்காலிகம்தானே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தெரியும். விண்ணப்பக் கூட்டம் ஓய்கிறவரைக்கும் அது ஓடியது, பிறகு சில நூறு ரூபாயில் பால் பேரிங் ஃபேன் வாங்கிப் போட்டேன். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

அந்தக் கீச்சொலி மதர்போர்டில் இருக்கிற கம்பிச்சுருள்களுடையது. மின்சாரம் ஏறி இறங்கும்போது அவை அதிரும். கேட்க எரிச்சலாக இருக்குமே தவிர, பழுது இல்லை. கேம் விளையாடும்போது உங்களுக்கு இது வந்தால், செட்டிங்கில் ஃபிரேம் வேகத்துக்கு, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதற்கு, 60 என்று வரம்பு வைத்துப் பாருங்கள்.

சத்தம் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள், அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டிக்குள் இருந்து வந்தால் அதைப் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் அதை மட்டும் மாற்றுங்கள்.

தெரிந்தவர் என்றதும் இன்னொன்றும் சொல்லித்தான் ஆகவேண்டும். வாரன்டியில் இருந்த என் பிரிண்டர் ஒன்றுக்கு சர்வீஸ் கேட்டபோது, "தீவுக்குள்ள வரமாட்டோம், நீங்க ராம்நாடு கொண்டாங்க" என்றார்கள். சாலைப் பாலம் திறந்தது 1988-இல். பேருந்து வருகிறது, லாரி வருகிறது, நாடெங்கும் இருந்து ராமேஸ்வரத்துக்குச் சனம் வருகிறது. ஸ்க்ரூடிரைவரோடு ஓர் ஆள் வர முடியாதா? மற்றவர்கள் கொடுத்த அதே விலையைத்தானே நாங்களும் கொடுத்தோம்? கேட்டால் உப்புக்காற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உப்புக்காற்று பொல்லாதது என்று எங்களுக்கா தெரியாது? 1914-இல் கட்டிய ரயில் பாலமே துருவுக்குத் தாங்காமல் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டிவந்தது, ஃபேன் எம்மாத்திரம்? ஆனால் காற்றைக் காரணம் சொல்கிறவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேபினெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். சத்தம் குறைந்தால் மூடியோ ஸ்க்ரூவோ தளர்ந்திருக்கிறது. துருப்பிடித்த ஸ்க்ரூக்களை மாற்றுங்கள். நிமிஷத்துக்கு 7200 சுற்று ஓடுகிற ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது, இரும்பு மேஜையில் வைத்தால் மேஜையே ரீங்காரமிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கேபினெட்டின் நான்கு காலுக்கும் அடியில் கொடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற ஜன்னலோரம் வைக்காதீர்கள். வேலை இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து டக்... டக்... என்று ஒரே சீராக வந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள். வேண்டிய ஃபைல்களை உடனே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பி அந்தச் சத்தத்தோடு சில நாள் ஓட்டினார், ஒரு கல்யாண ஆல்பமே போய்விட்டது.

உங்களுக்குச் சத்தம் காலையில் போட்டவுடன் வருகிறதா, சூடேறிய பிறகா, கேம் ஓடும்போது மட்டுமா என்று கேள்வியில் இல்லை. கீழே கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.