சேலத்து லைசென்ஸை வைத்து ஜப்பானில் கார் வாடகைக்கு எடுக்க முடியுமா?

தனியாக அது மட்டும் செல்லாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐடிபி, கூடவே வேண்டும். ஜப்பான் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரும் ஐடிபியைத்தான் ஏற்கும். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் நம்ம ஊர் ஆர்டிஓ தருவதே போதும். சேலத்தில் உங்கள் முகவரி எந்த ஆர்டிஓவுக்குக் கீழ் வருகிறதோ அங்கே, அரசின் பரிவாகன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். படிவம் 4ஏ, லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் தயாராக இருக்கட்டும். கட்டணம் 1000 ரூபாய். அனுமதி ஒரு வருஷம்தான், அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் அதுவும் அத்தோடு சரி, அதனால் லைசென்ஸ் தேதியை முதலில் பாருங்கள்.

நெட்டில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று பளபளப்பான அட்டை விற்பார்கள், அதற்குக் காசைக் கொட்டாதீர்கள், ஜப்பானில் அது வெறும் அட்டை. அங்கே போனதும் ஐடிபி, அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றையும் காட்ட வேண்டியிருக்கும். மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் இன்னொருவருக்கும் தனி ஐடிபி வேண்டும், அவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் ஏற வேண்டும், இல்லையென்றால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற ஆளாக இருந்தாலும் கவுன்டரில் கேட்பது காகிதத்தைத்தான்.

அப்புறம், அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அந்தக் கவலை வேண்டாம்.