எதிரணியோடு பங்கிடலாம், ஓட்டப்பாதையோடு வேண்டாம்: கால்பந்து அரங்கக் கேள்வி-பதில்

மிலானின் சான் சீரோ கால்பந்து அரங்கம் கைமாறிய செய்திக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பரம எதிரிகள் ஒரே அரங்கில் ஆடலாமா என்றே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் எழுதியிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

சான் சீரோவை இடிக்கப்போவது உண்மையா? இரண்டு பெரிய கிளப்புகள் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளக் கூடாதா? (மதுரை வாசகர்)

உண்மைதான். 2025 நவம்பரில் மிலான் மாநகராட்சி அரங்கத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் சுமார் 20 கோடி யூரோவுக்கு ஏசி மிலான், இன்டர் இரண்டுக்கும் சேர்த்து விற்றுவிட்டது. பக்கத்திலேயே சுமார் 71,500 இருக்கைகளுடன் புதிய அரங்கம் வரும். அதன்பின் பழையதன் பெரும்பகுதி இடிபடும். தனித்தனியாகக் கட்டவும் முயன்று பார்த்தார்கள். ஏசி மிலான் சான் டொனாட்டோவிலும் இன்டர் ரொசானோவிலும் இடம் பார்த்தன. இரண்டும் நகர எல்லைக்கு வெளியே இருக்கின்றன. சான் சீரோவிலோ வாசலிலேயே மெட்ரோ நிற்கிறது. 1947 முதல் ஒரே கூரையின் கீழ் ஆடிவரும் கிளப்புகள் மீண்டும் ஒன்றாகவே கையெழுத்திட்டதில் எனக்கு வியப்பில்லை. 1990 உலகக் கோப்பைக்காக எழுப்பிய அந்தப் பதினொரு கான்கிரீட் உருளைக் கோபுரங்கள் போவதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு கட்டடத்தின் தாங்கும் உறுப்புகளையே அதன் முகமாக ஆக்கிய துணிச்சல் எளிதில் திரும்ப வராது.

எதிரணிகள் அரங்கத்தைப் பங்கிடுவது உலகிலேயே மிலானில் மட்டும்தானே? (ஈரோடு வாசகர்)

இல்லை. ரோமில் ரோமாவும் லாசியோவும், ஜெனோவா நகரில் ஜெனோவா கிளப்பும் சாம்ப்டோரியாவும், ரியோவின் மரக்கானாவில் ஃபிளமெங்கோவும் ஃபுளுமினென்சேயும் பங்கிடுகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாமல் இந்தியக் கால்பந்தைப் பற்றி எழுதலாமா? 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு அங்கே 1,30,000 பேர் வந்தார்கள். கடிதம் எழுதுமுன் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

மியூனிக்கில் பேயர்ன் தன் எதிரியான 1860 கிளப்பை அரங்கத்திலிருந்து துரத்திவிட்டதாமே? (யாழ்ப்பாண வாசகர்)

துரத்தவில்லை. 2005-ல் அலையன்ஸ் அரீனா திறந்தபோது இருவரும் சரிபாதி உரிமையாளர்கள். 1860-க்குப் பண நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டே தன் பாதியைச் சுமார் 1.1 கோடி யூரோவுக்குப் பேயர்னிடம் விற்றது. அன்றிலிருந்து அது தன் சொந்த நகரத்தில் வாடகைக்காரர். 2017-ல் லீக்கின் நான்காம் பிரிவுக்கு இறங்கியதும் பழைய கிரூன்வால்டர் திடலுக்கே திரும்பியது. கட்டிய செலவு ஏறக்குறைய 34 கோடி யூரோ என்பதை நினைத்தால் அந்தப் பாதி என்ன விலைக்குப் போனது என்று புரியும்.

எந்தக் கூட்டு அரங்கத்தைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். அடுத்தது, இருவரில் ஒருவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பது. பங்கிடுவது கெட்டதல்ல. சமமில்லாத இருவர் சமம் என்று எண்ணிக்கொண்டு கையெழுத்திடுவதுதான் கெட்டது.

இருக்கைகளுக்கு யார் நிறம்? (திருச்சி வாசகர்)

யார் நிறமும் வேண்டாம். அலையன்ஸ் அரீனாவில் முதலில் சாம்பல் நிறம்தான் போட்டார்கள். வெளிச்சுவரின் காற்றுப் பைகள் பேயர்னுக்குச் சிவப்பாகவும் 1860-க்கு நீலமாகவும் ஒளிர்ந்தன. 1860 வெளியேறிய பிறகே இருக்கைகள் சிவப்பாயின.

தடகளமும் கால்பந்தும் ஒரே இடத்தில் நடக்கும் பல்நோக்கு அரங்கம்தானே வரிப்பணத்துக்குச் சிக்கனம்? எங்கள் சென்னை நேரு விளையாட்டரங்கம் அப்படித்தானே இருக்கிறது? இதை ஏன் எதிர்க்கிறீர்கள்? (சென்னை வாசகர்)

எதிர்க்கிறேன், எதிர்த்துக்கொண்டே இருப்பேன். கணக்கைப் பாருங்கள். நானூறு மீட்டர் ஓட்டப்பாதையின் உள் விளிம்பு நீளவாக்கில் சுமார் 157 மீட்டர். எட்டுத் தடங்களைச் சேர்த்தால் 177. கால்பந்துத் திடலின் நீளம் 105. ஆக, கோல் கோட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் முதல் வரிசைக்கும் இடையே குறைந்தது 36 மீட்டர். ஓட்டப்பாதை இல்லாத நல்ல அரங்கில் இது ஏழெட்டு மீட்டர். அது முதல் வரிசையின் கதை. கடைசி வரிசைக்காரர் இதற்கும் பின்னால் முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து தெருக்கோடியில் நடக்கும் கூத்தைப் பார்ப்பதுபோலத்தான் அவர் கோலைப் பார்க்க முடியும்.

இத்தோடு முடிவதில்லை. முதல் வரிசை தள்ளிப்போனால் அதே பார்வைக்கோட்டு அளவை (முன்னால் இருப்பவரின் தலைக்கு மேல் பார்வை எழும் உயரத்தை) எட்ட வரிசைகளுக்குக் குறைந்த உயரமே போதும். அதனால் வடிவமைப்பவர் படிகளைத் தாழ்த்திவிடுகிறார். இருக்கைகளின் கிண்ணம் தட்டையாகிறது, கூரை விலகுகிறது, ரசிகர்களின் குரல் திடலுக்கு வந்து சேர்வதில்லை. வெளிப்புறப் படத்தில் இது எதுவும் தெரியாது. ஆகவேதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் என்னை மிகவும் வருத்தும் அநியாயம் ஒன்று உண்டு. ஓட்டப்பாதை செய்த கேட்டுக்கு எதிரணிகளின் கூட்டின் மேல் பழி போடுகிறார்கள். டூரினின் டெல்லே ஆல்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 உலகக் கோப்பைக்காக ஏறக்குறைய 69,000 இருக்கைகளோடு ஓட்டப்பாதை வைத்துக் கட்டினார்கள். யுவென்டஸும் டொரினோவும் அங்கே பங்கிட்டு ஆடின. பார்வை மோசம், இருக்கைகள் காலி, குளிர் வேறு. இருபது ஆண்டு நிறைவதற்குள் அதை இடித்துவிட்டார்கள். எதிரணிகள் ஒன்றாக இருந்ததால்தான் அது தோற்றது என்று இன்றும் எழுதுகிறார்கள். தவறு. யுவென்டஸ் அதே இடத்தில் 2011-ல் திறந்த அரங்கில் இருக்கைகள் சுமார் 41,000 மட்டுமே. முதல் வரிசை திடலிலிருந்து சில மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நடுவில் மாறியது எது என்று பாருங்கள்.

மியூனிக் இன்னும் தெளிவான சாட்சி. பேயர்னும் 1860-உம் 1972 ஒலிம்பிக் அரங்கத்தில் ஓட்டப்பாதைக்கு அப்பால் ஆடிச் சலித்தவர்கள். அதைவிட்டு வெளியேற முடிவெடுத்தபோது இருவரும் மீண்டும் கூட்டாகவே கட்டினார்கள். ஓட்டப்பாதையை மட்டும் விட்டுவிட்டார்கள். 2001-ல் நகரத்தில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தார்கள்.

தடகளத்துக்கு நான் விரோதி அல்ல. தடகளத்துக்கும் தனக்கென்று ஒரு நல்ல அரங்கம் வேண்டும், பத்தாயிரம் இருக்கைகளோடு. இரண்டையும் ஒரே இடத்தில் செய்தே ஆகவேண்டுமானால் முதல் வரைபடத்திலேயே அதைத் தீர்க்க வேண்டும். மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் போட்டிகள் முடிந்ததும் ஓட்டப்பாதையை எடுத்து, தரையைத் தோண்டி, கீழ் அடுக்கு ஒன்றைச் சேர்த்து சிட்டி கிளப்பிடம் கொடுத்தார்கள். அது முன்பே வகுத்த திட்டம். பாரிஸின் ஸ்டாட் டி பிரான்ஸில் கீழ் இருக்கைகள் ஓட்டப்பாதையின் மேல் நகர்ந்து வரும். லண்டன் ஒலிம்பிக் அரங்கத்தில் இந்த யோசனை பின்னால்தான் வந்தது. 2016-ல் வெஸ்ட் ஹாம் குடிவந்தது முதல் இருக்கைகளை நகர்த்த ஆண்டுதோறும் பல லட்சம் பவுண்டு செலவாகிவருகிறது, ரசிகர்களோ இன்னும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். சிக்கனம் என்றீர்களே, அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரும்?

லிவர்பூலும் எவர்டனும் சேர்ந்து ஒரே அரங்கம் கட்டியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? (சிங்கப்பூர் வாசகர்)

கட்டுமானச் செலவு மிச்சமாகியிருக்கும், வருமானம் போயிருக்கும். அந்த யோசனை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பலமுறை எழுந்து விழுந்தது. பங்கிடுவதை ஆதரிக்கும் நானும் அங்கே வேண்டாம் என்றே சொல்வேன். இரு கிளப்புகளும் தங்கள் இருக்கைகளைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. ஆன்ஃபீல்டில் சுமார் 61,000, எவர்டன் 2025-ல் துறைமுகக் கரையில் திறந்த ஹில் டிக்கின்சன் அரங்கில் சுமார் 53,000. விருந்தினர் அறைகள், விளம்பரம், அரங்கத்தின் பெயர் உரிமை என்று அத்தனையிலும் இருவரும் முழுதாகச் சம்பாதிக்கலாம். ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியதே எவர்டன்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1892-ல் நிலச் சொந்தக்காரரோடு வந்த தகராறில் எவர்டன் வெளியேறியது. காலியான திடலுக்காகப் பிறந்ததுதான் லிவர்பூல் கிளப். நிலம் யார் பெயரில் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இருக்கைச் சரிவு எத்தனை பாகை வரை போகலாம்? (சேலம் வாசகர்)

இங்கிலாந்தில் 35 பாகைக்கு மேல் விடுவதில்லை. எவர்டனின் தெற்கு மாடம் அந்த வரம்பை ஒட்டி நிற்கிறது. வேறு நாடுகளில் விதி வேறு.

இரண்டு அணிகள் ஆடினால் புல் என்ன ஆகும்? (தஞ்சை வாசகர்)

ஒரு கிளப்புக்கு ஆண்டில் 25 ஆட்டம் என்றால் இரண்டுக்கு 50. புல்லுக்கு அது கடினம்தான், ஆனால் புல்லைக் கொல்வது பெரும்பாலும் நிழல். சான் சீரோவில் மூன்றாம் அடுக்கும் கூரையும் வந்தபின் வெயிலும் காற்றும் தரைக்கு இறங்காமல் புல் ஆண்டுக்கணக்கில் அழுகியது. அதற்கு முன்னும் அங்கே இரண்டு அணிகள்தான் ஆடின. இன்று செயற்கை இழைகளைத் தரைக்குள் தைத்த கலப்புப் புல்லும், இரவெல்லாம் எரியும் வளர்ப்பு விளக்குகளும் இருக்கின்றன. டாட்டன்ஹம் அரங்கில் புல்தரையே மூன்று துண்டாகப் பிரிந்து தெற்கு மாடத்தின் கீழே போய்விடும், அமெரிக்கக் கால்பந்துக்கு அடியில் வேறு தரை இருக்கிறது. இதற்கும் குறுக்குவெட்டுப் படம்தான் பதில் சொல்லும்: கூரையின் தெற்கு விளிம்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

கட்டடக்கலை மாணவன். ஆய்வேட்டுக்காக அரங்க வடிவமைப்பு பற்றிய முழு விவரங்களையும் அனுப்பவும். அவசரம். (ஊர் குறிப்பிடாத வாசகர்)

இது கேள்வியல்ல. ஓர் அரங்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கடைசி வரிசையிலிருந்து எதிர் மூலைக் கொடி எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். அப்போது பேசலாம்.

ஒரு லட்சம் இருக்கைகளுக்குக் குறைவாக இப்போது ஏன் கட்டவேண்டும்? மான்செஸ்டர் யுனைடெட் அப்படித்தானே அறிவித்திருக்கிறது? (டொராண்டோ வாசகர்)

அறிவித்திருக்கிறது, 2025 மார்ச்சில். கட்டட்டும், பார்ப்போம். எதிர் மூலையிலிருந்து 190 மீட்டருக்கு அப்பால் உட்காருபவருக்குப் பந்து சரியாகத் தெரியாது என்பது துறையில் ஒப்புக்கொண்ட வரம்பு. 150-க்குள் இருப்பது நல்லது. ஒரு லட்சத்தை அதற்குள் அடக்குவது மிகக் கடினம். இன்னொரு கணக்கு: இருக்கைப் பகுதி எட்டு நிமிடத்தில் காலியாக வேண்டும். சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 பேர் போகலாம். ஒரு லட்சம் பேருக்கு 150 மீட்டருக்கும் மேல் அகலம் தேவை, படிக்கட்டானால் இன்னும் அதிகம். 1989-ல் ஹில்ஸ்பரோ நெரிசலில் 97 உயிர்கள் போனதை மறந்துவிட்டு இருக்கை எண்ணிக்கையைப் பெருமையாகப் பேசாதீர்கள்.

கூட்டு அரங்கில் டெர்பி (ஒரே ஊர் எதிரணிகளின் ஆட்டம்) நடந்தால் ரசிகர்கள் மோதிக்கொள்ள மாட்டார்களா? (நெல்லை வாசகர்)

அதைத் தீர்மானிப்பது வாசல்களும் நடைகூடங்களும். ரோமில் லாசியோ ரசிகர்களுக்கு வடக்கு வளைவு, ரோமாவினருக்குத் தெற்கு வளைவு. ரயில் நிலையத்திலிருந்து இருக்கை வரை, கழிவறை உட்பட, இரு கூட்டங்களின் வழியும் வெட்டிக்கொள்ளாமல் வரைந்தால் பாதி வேலை முடிந்தது. மீதி காவல்துறையின் வேலை.

என்ன சொன்னாலும் இங்கிலாந்தில் இது நடக்காது. அர்சனலும் டாட்டன்ஹமும், யுனைடெட்டும் சிட்டியும் ஒரே திடலில் ஆடுவதைக் கற்பனை செய்ய முடியுமா? (கோவை வாசகர்)

கற்பனை தேவையில்லை, நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அர்சனல் தன் ஆட்டங்களை டாட்டன்ஹமின் ஒயிட் ஹார்ட் லேனில் ஆடியது. 1941-ல் ஓல்ட் டிராஃபோர்டின் மேல் குண்டு விழுந்த பிறகு யுனைடெட் 1949 வரை சிட்டியின் மெய்ன் ரோட்டில்தான் ஆடியது. 1948 ஜனவரியில் அங்கே யுனைடெட்டுக்கும் அர்சனலுக்கும் நடந்த லீக் ஆட்டத்துக்கு 83,000 பேர் வந்தார்கள்.