மோஷியில் சனி, ஞாயிறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜூனில் தான்சானியாவின் மோஷி நகருக்கு, ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்று மாதம் தன்னார்வலராக வேலை செய்யப் போகிறேன். வார விடுமுறைகளில் செரங்கெட்டி வனவிலங்குப் பூங்கா, சான்சிபார் தீவு இரண்டையும் பார்த்துவிட முடியுமா? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஊர்க்காரர்களோடு பழகுவது எப்படி? சுற்றுலா விசாவே போதும் என்கிறார் நண்பர், சரியா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

இரண்டு நாளில் செரங்கெட்டி வேண்டாம். போக ஒரு பகல், வர ஒரு பகல் ஆகிவிடும். வழி ங்கோரோங்கோரோ காப்புப் பகுதிக்குள் போவதால் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. சான்சிபாருக்கும் அதே கணக்குத்தான்: தார் எஸ் சலாம் வரை பேருந்தில் பத்து மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம் படகு. ஜூனில் அங்கே பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை வரும். உங்கள் பள்ளியின் தேதியை இப்போதே கேட்டு, தூரப் பயணங்களை அந்த நாட்களில் வையுங்கள். கேட்காமல் போனால் முதல் சில வாரம் பூட்டிய பள்ளியின் முன்னால்தான் நிற்பீர்கள்.

சனி, ஞாயிறுக்குப் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. முதலில் மத்தேருனி போங்கள். கிளிமஞ்சாரோவின் சரிவில் சக்கா மக்களின் ஊர், வாழையும் காப்பியும் கலந்த தோட்டங்கள். அருவிக்கு முக்கால் மணி நேர நடை. வழுக்கும், செருப்போடு போகாதீர்கள். அருவியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே காப்பி போடும் விதம். காய்ந்த கொட்டையை மர உரலில் இடித்துத் தோலை நீக்கி, புடைத்து, விறகடுப்பில் வறுத்து, மறுபடி இடித்துக் கொதிக்க வைப்பார்கள். உலக்கையை உங்கள் கையிலும் தருவார்கள். மெதுவாக இடியுங்கள், ஓங்கிக் குத்தினால் தோலோடு கொட்டையும் நொறுங்கி, வறுபடும்போது தூள் கருகிக் கசக்கும்.

அடுத்தது கிகுலேத்வா ஊற்று. போமா ங்கோம்பே வரை டாலாடாலா, அதாவது சிற்றுந்து. அங்கிருந்து மண் சாலையில் பஜாஜி. ஆம், நம்மூர் ஆட்டோவேதான். 'வெந்நீர் ஊற்று' என்பார்கள், உண்மையில் வெதுவெதுப்புக்கூடப் பெரிதாக இல்லை. தெளிந்த நீலத் தண்ணீர். திரும்பி வருவதற்கான கூலியையும் போகும்போதே பேசி, அதே ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் அங்கே வண்டி கிடைப்பது சிரமம். ஆண்டு முழுக்க ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும், இருட்டுவதும் சட்டென்று.

மலையேறும் ஆசை இருந்தால், கிளிமஞ்சாரோவின் மாராங்கு வாயிலிலிருந்து மந்தாரா குடில் வரை ஒரே நாளில் போய் வரலாம். 1,870 மீட்டரிலிருந்து 2,720 மீட்டர் வரை ஏற்றம். வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் 70 டாலர், மேலே 18 சதவீத வரி, வழிகாட்டி கட்டாயம். ஜூன், ஜூலையில் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சிகரத்தைப் பார்க்க விடிகாலையில் எழுந்திருங்கள். பகலில் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

டாலாடாலாவுக்கு நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நடத்துநருக்கு 'கொண்டா' என்று பெயர். சில்லறை வைத்திருங்கள், பத்தாயிரம் ஷில்லிங் நோட்டை நீட்டினால் மீதி வருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். 'ஷுஷா' என்று குரல் கொடுத்தால் நிறுத்துவார்கள்.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். சுவாஹிலியில் மணிக் கணக்கு காலை ஆறிலிருந்து தொடங்குகிறது. 'சா ம்பிலி', அதாவது இரண்டு மணி என்றால், நம் கணக்கில் காலை எட்டு. கேட்ட எண்ணோடு ஆறைக் கூட்டுங்கள். ஆங்கிலத்தில் சொன்னவர் எந்தக் கணக்கில் சொன்னார் என்று சந்தேகம் வந்தால், கடிகாரத்தில் காட்டச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சோறும் பீன்ஸும் சேர்ந்த வாலி மஹராகே, ம்சிச்சா கீரை, சப்பாத்தி, எண்ணெயில் பொரித்த மந்தாசி ரொட்டி எங்கும் உண்டு. ஆனால் ம்தோரி என்ற வாழைக்காய்ச் சூப்பில் மாட்டிறைச்சி இருக்கும், நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'சிலி ந்யாமா', இறைச்சி சாப்பிடமாட்டேன், என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்து சேரும். 'வாலா குக்கு, வாலா சமாக்கி' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழகுவது வணக்கத்தில்தான் தொடங்குகிறது. மூத்தவர்களுக்கு 'ஷிக்காமூ' சொல்லுங்கள், 'மராஹபா' என்று பதில் வரும். விலை கேட்பதற்கு முன்னால் நலம் விசாரியுங்கள். நேரே விலைக்குப் போனால் முகம் சுருங்கிவிடும். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையில். ஞாயிறு காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும், கடை வேலையைச் சனிக்கிழமையே முடியுங்கள். பள்ளிக் குழந்தைகளின் முகத்தைப் பெற்றோரின் அனுமதி இல்லாமல் இணையத்தில் போடாதீர்கள். அவர்கள் நம் பயணப் படங்களுக்கான அலங்காரம் அல்ல.

விசா விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது தவறு. சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வ வேலைக்குச் சுற்றுலா விசா செல்லாது. உரிய அனுமதியை உங்களை அழைக்கும் அமைப்புதான் ஏற்பாடு செய்ய வேண்டும். தன்னார்வலர்களுக்கு உள்ளது 'சி' வகை வசிப்பு அனுமதி. யார் விண்ணப்பிக்கிறார்கள், கட்டணம் யாருடையது, எப்போது கைக்கு வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 'வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் வேறு அமைப்பைத் தேடுங்கள். விமான டிக்கெட் அதற்குப் பிறகு போதும்.