பிள்ளையோடு வன்னிக்கு ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கிளிநொச்சியில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் குழுக்களை 2011 முதல் நான்தான் கவனிக்கிறேன். இரண்டு கிழமை, மூன்று கிழமை என்று வருவார்கள். அம்மா மகனோடு, அப்பா மகளோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தங்குமிடம், பிள்ளைகள், ஊர் நடப்பு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வேத விளக்கத்துக்கு உங்கள் போதகரிடம் போங்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தாய்: ஓகஸ்டில் எங்கள் சபை விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வருகிறது. மகனுக்கு 9 வயது. கூட்டிவரலாமா?

வயது பெரிய விஷயமில்லை, தங்கச்சி. அவனிடம் கேட்டீர்களா? இங்கு வந்து இறங்கும் பிள்ளைகளில் பாதிப்பேரிடம் யாரும் கேட்டிருப்பதில்லை. அது முதல் நாளே முகத்தில் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தகப்பன் தன் 10 வயது மகளை, வந்த அன்றே மைக்குக்கு முன்னால் நிறுத்தித் தன் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வைத்தார். பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு வசனம் சொன்னாள். பிறகு மைக்கை இறுக்கிப் பிடித்தபடி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகப்பன் கீழே நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் எங்கள் வளவுப் பிள்ளைகள் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடினார்கள். அவளையும் இழுத்துவிட்டார்கள். எந்தக் கோட்டில் யார் மறிப்பது என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சின்னப் பெடியன் கையைப் பிடித்து இழுத்து ஓட்டினான். இருட்டுப்படும்போது அவள் செருப்பில்லாமல், முழங்கால்வரை புழுதியோடு, எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்திக்கொண்டு ஓடினாள். அடுத்த நாள் சிறுவர் கூட்டத்தில் அவளைச் சுற்றி உட்கார இடமில்லை.

ஆகவே முதல் இரண்டு நாளும் பிள்ளைக்கு எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். பிறகு உண்மையான வேலை ஒன்று கொடுங்கள். இடைவேளையில் தேசிக்காய்த் தண்ணி பரிமாறுவது, பாய் விரிப்பது, பாட்டுத் தாள் கொடுப்பது என்று எதுவும் சரி. நாளை இவன் வராவிட்டால் அந்த வேலை நிற்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

நாள் குறிக்க முதல் ஒரு விஷயம். ஓகஸ்ட் 15 மடு மாதா பெருவிழா. நாடு முழுவதிலிருந்தும் சனம் வரும். அந்தக் கிழமை வாகனமும் அறையும் எடுப்பது பெரும்பாடு.

பேர்மிங்ஹாமிலிருந்து ஒரு தகப்பன்: சுற்றுலா விசா போதும்தானே? எல்லாரும் அப்படித்தான் வருகிறார்களாம்.

எல்லாரும் செய்கிறார்கள் என்பது குடிவரவு அதிகாரியிடம் சொல்லும் பதில் இல்லை, அண்ணை. சுற்றுலா விசா ஊழியம் செய்வதற்கு உரியதல்ல. உறவினரைப் பார்க்கலாம், ஆராதனைக்கு வந்து உட்காரலாம். பிரசங்கம், கூட்டம் என்றால் உங்களை அழைக்கும் சபை மூலம் முதலிலேயே முறையாகக் கேட்டு வாருங்கள். தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையைக் கொண்டுவந்தால், மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

ஒஸ்லோவிலிருந்து ஒரு தாய்: மலேரியாவுக்கு மருந்து எடுக்க வேண்டுமா? பாம்பு உண்டா?

மலேரியா இல்லை. 2016ல் உலக சுகாதார நிறுவனமே இலங்கைக்கு அந்தச் சான்றைத் தந்துவிட்டது. பயப்பட வேண்டியது டெங்குவுக்கு. அந்த நுளம்பு பகலில் கடிக்கும், இரவு வலை மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் பனடோல் தவிர வேறு நோ மாத்திரை கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற, தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புப் பக்கற்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தெருநாயைத் தடவவே விடாதீர்கள். கடித்தால், பிறாண்டினால்கூடச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

பாம்பு உண்டு. தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் படுக்கையில் கடிக்கும், கடித்த இடம் நோகாமலே இருக்கலாம். இருட்டில் ரோர்ச் இல்லாமல் வெளிக்கிடக் கூடாது. அம்புலன்சுக்கு 1990.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்: பிள்ளை நடந்து பழகிய பாதையை விட்டு இறங்கக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்ப வேண்டும். கண்ணிவெடி அகற்றும் வேலை முகமாலைப் பக்கம் பல வருடமாக நடக்கிறது. பற்றைக்குள் பந்து போனால் போகட்டும்.

சிட்னியிலிருந்து ஒருவர்: அங்குள்ள பிள்ளைகளுக்கு என்ன பரிசு கொண்டு வரலாம்?

ஒன்றும் வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சபையிடம் கொடுங்கள், தேவை பார்த்துச் சபை கொடுக்கும். உங்கள் பிள்ளை வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு ரொபி நீட்டுகிற காட்சி வேண்டாம். இரண்டு பிள்ளைக்கும் அது கெடுதல்.

மாங்குளத்திலிருந்து ஒரு ஐயா: நான் சைவன். உங்கள் ஆட்கள் வருவார்கள், புத்தகப் பை கொடுப்பார்கள், அடுத்த கிழமை பிள்ளை வீட்டில் விபூதி பூச மாட்டேன் என்கிறது. இதற்குப் பெயர் ஊழியமா?

ஐயா, கேட்டதற்கு நன்றி. இதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. அப்படி நடந்திருக்கிறது. ஜெபத்துக்கு வந்தால்தான் பை என்று சொன்ன ஒரு குழுவை நானே கண்டிருக்கிறேன். அது பிழை.

லண்டனிலிருந்து ஒரு சகோதரர்: அக்கா, 'புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி...' என்பது மத்தேயு 28ல் ஆண்டவரின் கட்டளை. அரசியலமைப்பின் 10வது உறுப்புரையும் விரும்பிய மதத்தை ஏற்கும் உரிமை தருகிறது. நீங்கள் ஏன் பின்வாங்குகிறீர்கள்?

10வது உறுப்புரை ஏற்கிறவரின் உரிமை, தம்பி. பரப்புவதை அரசியலமைப்பு அடிப்படை உரிமையாக உறுதிசெய்யவில்லை என்று 2003ல் கன்னியர் சபை ஒன்றின் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்தத் தீர்மானத்தில் உடன்பாடில்லை, ஆனால் இருப்பதை இருப்பதாகச் சொல்ல வேண்டும். சட்டத்தை விடுங்கள். பிள்ளையைப் பற்றிப் பேசுவோம்.

மாங்குளம் ஐயா: பிள்ளையைப் பற்றித்தான் நானும் பேசுகிறேன்.

இது இன்றைக்குத் தொடங்கிய சண்டையும் இல்லை. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர்தான் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். தன் சமயத்துப் பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள் என்ற அதே நோவு. மிஷன் பள்ளிக்கூடங்கள் தந்த எழுத்தறிவுக்கு நன்றி சொல்கிற நான், அந்த நோவையும் மதிக்கிறேன்.

லண்டன் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகனை இங்கே கொண்டுவருகிறீர்கள். ஒரு பின்னேரம் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அவனைத் தனியே கூட்டிப்போய், கையில் ஒரு பையைக் கொடுத்து, தங்கள் கும்பிடைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் சும்மா இருப்பீர்களா? அந்த மாங்குளத்துப் பிள்ளைக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். எங்கள் சபையில் நாங்கள் வைத்திருக்கிற ஒழுங்கு இது: பெற்றோர் வந்து பார்த்து, சரி என்று சொல்லாமல் எந்தப் பிள்ளையும் சிறுவர் கூட்டத்தில் இருக்காது. உதவி கோயிலுக்குப் போகிற வீட்டுக்கும் ஒன்றுதான், சபை வீட்டுக்கும் ஒன்றுதான். இதற்குச் சம்மதிக்காத குழுவை நான் ஏற்பதில்லை. கிறிஸ்துவை நான் மறைக்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்று வயது வந்த ஒருவர் கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள்.

லண்டன் சகோதரர்: அப்படியென்றால் பிள்ளைகளுக்குச் சுவிசேஷமே வேண்டாமா?

பெற்றோர் சரி என்ற பிறகு சொல்லுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். மறுபடி வாசியுங்கள்.

மாங்குளம் ஐயா: அந்த ஒழுங்கை எழுத்தில் தருவீர்களா?

சபைக் கதவில் ஒட்டியிருக்கிறது, ஐயா. வந்து பாருங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.

பாரிசிலிருந்து ஒருவர்: கொப்பி, பென்சில் கொண்டு வரலாமா?

சிட்னிக்காரருக்குச் சொன்னதுதான்.

பரந்தனிலிருந்து ஒரு தகப்பன்: நாங்கள் இங்கிருந்து போகிறோம். கொழும்புக் குழு ஒன்றோடு 14 வயது மகளையும் கூட்டிக்கொண்டு நேபாளத்துக்கு 10 நாள். கவனிக்க வேண்டியது?

முதலில் சட்டம். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பே மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. தண்டனைச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிய நாடு கடத்தல். குழுத் தலைவர் இதைப் பற்றி உங்களிடம் வாய் திறந்தாரா? திறக்கவில்லை என்றால் போகாதீர்கள். துண்டுப் பிரசுரம் எதையும் மகளின் பைக்குள் வைக்க விடாதீர்கள், பிள்ளையைச் சோதிக்க மாட்டார்கள் என்று சொல்லிக் கேட்பார்கள். கடவுச்சீட்டு அலுவல் வவுனியாவிலேயே பார்க்கலாம்.

மெல்பேர்னிலிருந்து ஒரு தாய்: யுத்தத்தைப் பற்றி மகன் யாரிடமாவது கேட்டுவிட்டால்?

கேட்கத்தான் செய்வான். நீங்கள் துருவிக் கேட்காதீர்கள், அவன் கேட்டால் வாயைப் பொத்தவும் வேண்டாம். முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்த ஒரு அம்மம்மா எங்கள் ஒழுங்கையில் இருக்கிறா. வந்திருந்த பெடியன் ஒருவன், 'உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?' என்று கேட்டுவிட்டான். தாய்க்கு முகம் வெளிறிவிட்டது. அம்மம்மா உள்ளே போய் பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைப் படமொன்றைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்து, '2009ல் இவனுக்கு 19' என்றா. அவன் நெடுநேரம் பார்த்தான், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். தாய் படம் எடுக்கப் ஃபோனைத் தூக்கினா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகிற முகத்தையும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் படம் எடுக்காதீர்கள். எத்தனை தரம் கேட்டாலும் இதுதான் பதில்.

ஜெனீவாவிலிருந்து ஒருவர்: உடுப்பு, விளையாட்டுச் சாமான்?

வேண்டாம்.

12 வயதுப் பிள்ளை, அம்மா எழுதித் தந்தது: எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் அங்கே வந்து என்ன செய்வேன்?

மகள், வர விருப்பமில்லை என்றால் அதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லு. விருப்பம் என்றால் கேள்: பக்கத்து வீட்டில் உன் வயதில் ஒருத்தி இருக்கிறாள். ஆங்கிலப் புத்தகம் வாசிப்பாள், வாய் திறந்து பேச வெட்கம். உனக்குப் பேச்சு வரும், அவளுக்குத் தமிழ் எழுத்து வரும். பின்னேரம் இரண்டு பேரும் கிணற்றுக்கட்டில் இருக்கலாம். கோழிக்குத் தீன் போடுவதும் உன் வேலை. கிணற்றடியில் குளிக்க ஒரு பழைய நீளச் சட்டை கொண்டு வா.