பிறர் எழுதிய கோடில் பிழை தேடும் பிள்ளை

"நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறான். ஆனால் ஓர் ஆப்கூடச் செய்து காட்டியதில்லை. யாரோ எழுதிய கோடில் தப்புத் தேடிக்கொண்டிருக்கிறான்" என்றார், மகனின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க வந்த ஓர் அம்மா. சித்தப்பாவும் மாமாவும் செயற்கை நுண்ணறிவுப் படிப்பைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம். கட்டணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்ற பேச்சும் நடக்கிறது.

கவலைப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். அடமானம் என்றதும் நிறுத்திவிட்டேன். வேண்டாம் அம்மா. பெயருக்காக ஒரு படிப்பு, அதற்குக் கடன், அதுவும் பிள்ளை கேட்காதது. இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தப்புத் தேட அவன் எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது சின்னப் புரோகிராமை, காட்டச் சொன்னேன். முப்பது வரிகூட இல்லை. பைத்தான் என்ற புரோகிராம் மொழியுடனேயே வரும் 'ஏஎஸ்டி' மாட்யூல், எழுதிய புரோகிராமை ஒரு மரம்போலக் கிளை கிளையாகப் பிரித்துக் கொடுக்கும். இவன் ஸ்கிரிப்ட் அதில் ஒவ்வொரு ஃபங்ஷனாக (ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) போய், எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் டிஃபால்ட் மதிப்பாகக் காலி லிஸ்ட் வைத்த இடங்களைப் பிடிக்கிறது. அந்த லிஸ்ட் ஒரே ஒரு முறைதான் உருவாகும். ஃபங்ஷனை முதல் முறை அழைத்தபோது அதில் போட்டது, அடுத்த முறை அழைக்கும்போதும் அப்படியே கிடக்கும். ஒருவருடைய விவரம் இன்னொருவர் கணக்கில் தெரிய இதுவே போதும்.

2014இல் ஆப்பிளின் பாதுகாப்புக் கோடில் 'கோ டு ஃபெயில்' (goto fail) என்ற, வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. அதனால் கீழே இருந்த முக்கியமான சரிபார்ப்பு நடக்கவே இல்லை. ஒருபோதும் ஓடாத, எட்ட முடியாத வரிகளைத் தேடும் ஒரு ஸ்கிரிப்ட் அதைக் காட்டிக் கொடுத்திருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இப்படிப்பட்ட தேடல்களுக்கென்றே காக்சினெல் என்ற கருவி பயன்படுகிறது. கோட்கியூஎல், செம்கிரெப் போன்ற பிழை தேடும் கருவிகளில் தங்கள் ப்ராஜெக்ட்டுக்கே உரிய விதிகளை எழுதிக்கொள்ளலாம். மென்பொருள் பாதுகாப்புக் குழுக்களில் இது முழுநேர வேலை.

கஷ்டம் எங்கே என்றால், பொய் எச்சரிக்கையில். இருநூறு இடத்தைக் காட்டி அதில் பத்துதான் உண்மை என்றால், அந்த ஸ்கிரிப்டை அடுத்த வாரம் யாரும் ஓட்ட மாட்டார்கள். இவன் மூன்று முறை திருத்தி அதைக் குறைத்திருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மதிப்பெண்ணும் இல்லை. இதைவிட என்ன ஆர்வம் வேண்டும்?

படிப்புக்கு, கம்பைலர் (எழுதிய புரோகிராமைப் பிரித்துப் படித்து, கம்ப்யூட்டர் இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பாடம் ஒழுங்காக நடத்தும் சாதாரணக் கணினி அறிவியல் பட்டம் போதும், உங்கள் கைக்கு எட்டும் கட்டணத்தில். சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். யாரும் கோடைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல ப்ராஜெக்ட் ஒன்றில் ஏற்கெனவே திருத்திய ஒரு பிழையை அவன் எடுத்து, அதே மாதிரிப் பிழை வேறெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட விதி எழுதட்டும். கிடைத்ததைச் சரிசெய்து அவர்களுக்கே அனுப்பட்டும். அப்புறம் சித்தப்பா கேட்டால், அவர்கள் ஏற்றுக்கொண்ட அந்தத் திருத்தத்தைக் காட்டுங்கள்.